அப்பா வாங்கிய ஷட் டவுன்

அன்று நடந்ததை வரிசைப்படி எழுதினால் இப்படி வரும்:

1. காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனது.

2. ஒன்பதரைக்கு அப்பா எங்கள் தெரு முக்கில் இருந்த கம்பத்தில் ஏறினார்.

3. பதினொரு மணிக்கு, நான்கு வீடு தள்ளியிருந்த அத்தை வீட்டில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அதன் சத்தமும் மண்ணெண்ணெய்ப் புகையும் எங்கள் அடுப்படி வரை வந்தன.

4. பதினொன்றே முக்காலுக்கு எங்கள் அடுப்படியில் தொங்கிய குண்டு பல்பு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. உள்ளே இருந்த சுருள் கம்பி மட்டும், ஊதிவிட்ட கங்கு மாதிரி, செக்கச் சிவந்து தெரிந்தது.

5. தெருவில் பிள்ளைகள், "ஏய்ய்ய், கரண்டு வந்துருச்சு!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

6. ஒரு மூச்சு விடும் நேரத்தில் பல்பு அணைந்தது. ஜெனரேட்டர் சத்தமும் நின்றது.

7. சீர்த்தட்டுத் தேங்காய்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அம்மா, மஞ்சள் கையோடு, செருப்பில்லாமல், தெருவில் இறங்கி ஓடினாள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா கரண்டாபீஸில் லைன்மேன். அன்றைக்குக் கரண்டு திரும்பி வர வேண்டிய நேரம் மதியம் இரண்டு மணி. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பல்பில் ஒரு துளி வெளிச்சமும் வரக் கூடாது. வந்தால், கம்பத்தின் மேலே வெறுங்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அது வந்திருக்கும். கத்திய பிள்ளைகளுக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் விசிறியில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, பல்பு சிவந்ததும் தொண்டைதான் முதலில் வேலை செய்தது. அம்மாவுக்கு மட்டும் கால் வேலை செய்தது.

அவள் எங்கே ஓடினாள் என்று சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் "ஷட் டவுன்" என்ற வார்த்தை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷங்களில் கரண்டு போவது அதிசயமில்லை. நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். அதற்குப் பெயர் "கட்டு". கட்டை எல்லோரும் திட்டுவார்கள், லைன்மேன் வீடு என்பதால் எங்கள் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கவே திட்டுவார்கள். ஷட் டவுன் அப்படியில்லை. மாதத்துக்கு ஒரு நாள், தேதி குறித்து, ஒன்பதிலிருந்து இரண்டு வரை என்று நேரம் சொல்லி வருவது. அப்பா சைக்கிளில் போகும்போது ஆட்கள் நிறுத்தி, "இந்த மாசம் ஷட் டவுனு என்னைக்கு?" என்று கேட்பது, கோயில் கொடியேற்றம் என்னைக்கு என்று கேட்கிற அதே மரியாதையில் இருக்கும். முதல் நாள் சாயங்காலமே தெருவெங்கும் கிரைண்டர் சத்தம் கேட்கும். அம்மாவுக்கு அந்த வார்த்தை ஒரு வேலைப் பட்டியல்: மாவாட்டுவது, மேல் தொட்டியை நிரப்புவது, யூனிஃபார்மைத் தேய்த்து வைப்பது, போனில் சார்ஜ் ஏற்றுவது. ஊரில் அந்த வார்த்தைக்கு அசையாதவர்கள் பால்கோவா கிண்டுகிறவர்கள் மட்டும்தான்; விறகடுப்புக்கு ஏது ஷட் டவுன்.

நான்கு வீடு தள்ளி, அத்தை வீட்டில், அதே வார்த்தைக்கு வேறு முகம். அத்தை அப்பாவின் அக்கா. மாமா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். நூல் விலைபோகாமல் தேங்கினால் மில்லில், "ஒரு வாரம் ஷட் டவுன்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம் மாமா பகலில் வீட்டில் இருப்பார், அத்தை மீன் வாங்க மாட்டாள், அத்தை மகள் செல்வியும் நானும் அங்கே சத்தமாக விளையாட மாட்டோம்.

ஆனால் அந்த வார்த்தையின் சொந்தக்காரர் அப்பாதான் என்று நான் நினைத்திருந்தேன். மற்றவர்களுக்கு ஷட் டவுன் வரும், போகும். அப்பா அதை "வாங்குவார்". காலையில் சப்-ஸ்டேஷனுக்குப் போன் செய்து, தன் பெயரையும் எந்த லைன் என்பதையும் சொல்லி வாங்குவார். வாங்கினவர் பெயர் அங்கே நோட்டில் எழுதப்படும். வேலை முடிந்ததும் அவரே மறுபடி கூப்பிட்டு, "ஆளெல்லாம் எறங்கியாச்சு, எர்த்து எடுத்தாச்சு, ஷட் டவுனத் திருப்பிக் குடுக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவர் திருப்பிக் கொடுக்காமல், பெரிய அதிகாரியே கேட்டாலும் லைனில் கரண்டு போட மாட்டார்கள். கடையில் வாங்குவதும் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுப்பதும்போல ஒரு பொருளாகவே அது என் மனதில் இருந்தது. அதன் நிறம் சாம்பல் என்றுகூட நினைத்திருந்தேன்.

இதனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு அவமானமும் நடந்தது. எங்கள் பள்ளிக்கு முதல் முதலாகக் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. வகுப்பு முடிகிற நேரம் டீச்சர், "எல்லாரும் ஷட் டவுன் பண்ணிட்டு எந்திரிங்க" என்றார். நான் கையைத் தூக்கி, "யாருகிட்ட வாங்கணும் டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்து முடிக்க நேரமாயிற்று. அப்புறம் அகராதி எடுத்துப் பார்த்தேன்: மூடுதல், நிறுத்துதல், வேலை நிறுத்தி வைத்தல் என்று மூன்று போட்டிருந்தது. மேலே ஒரு ஆள் ஏறியிருப்பது எதிலும் இல்லை.

எர்த்து என்று சொன்னேனே, அது அப்பாவின் இன்னொரு வழக்கம். லைனில் கரண்டு இல்லை என்று உறுதியான பிறகும், கம்பிகளை எல்லாம் ஒரு செயினால் ஒன்றாக இணைத்து, அதன் மறுமுனையை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். எங்கிருந்தாவது கரண்டு வந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும். விதி அதுதான் என்றாலும், செய்கிறவர்கள் எல்லோரும் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டுவதில்லை. அப்பா இரண்டு பக்கமும் கட்டுவார். கூட வேலை பார்த்த முத்தையா அண்ணனுக்கு இதில் பொறுமையே கிடையாது. "எண்ணே, செத்த பாம்ப எம்புட்டு நேரந்தான் அடிப்பிய?" என்று கீழே நின்று கேட்பார். "உள்ள முட்ட இருந்தா?" என்பார் அப்பா, குனியாமலே.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

செல்வி பெரியவளாகி, சடங்குக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைத்த பிறகுதான் சடங்கே நடக்கும். தாய்மாமன் எங்கள் அப்பா. நாள் குறித்து இரண்டு நாள் கழித்துத்தான், அந்த மாத ஷட் டவுனும் அதே தேதியில் விழுந்தது என்று தெரிந்தது. அத்தை உடனே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தாள், பின்னாலேயே மாமாவும் வந்தார்.

"ஏலே தம்பி, ஒரு நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லேன். இத்தன வருசம் கம்பத்துல தொங்குற, ஒனக்குன்னு அங்க ஒரு பேச்சு இருக்காதா?"

"எங்கையில இல்லக்கா. மம்சாபுரம் வரைக்கும் சொல்லியாச்சு, பேப்பர்லயும் போட்டாச்சு."

"அப்ப அன்னைக்கு லீவு போடு."

"ரெண்டு பேருதான் இருக்கோம். நான் போகாட்டி முத்தையா ஒத்தையில ஏறணும். ரெண்டு மணிக்குத் திருப்பிக் குடுத்துட்டு, குளிச்சுட்டு, சீரோட வந்துருதேன். நல்ல நேரம் மூணு வரைக்கும் இருக்குல்ல?"

மாமா அத்தையைப் பார்த்துத் திரும்பினார். "விடு விடு, அவரு கெடக்காரு. ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்குற மாப்ள, அக்கா மக சடங்கன்னைக்கு மட்டும் இருட்டாக்கிட்டுப் போறாரு. நமக்கென்ன, செனரேட்டரு வச்சுக்கிட்டாப் போச்சு" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். அப்பா சிரித்தார். மைக் செட்டுக்காரர்கள் ஜெனரேட்டர் கொண்டுவருவது சகஜம், மைக்குக்கும் இரண்டு டியூப் லைட்டுக்கும் அதிலிருந்து நேராக வயர் இழுத்துக்கொள்வார்கள், அதில் ஒரு ஆபத்தும் இல்லை.

அன்றைக்கும் முதலில் அப்படித்தான் ஓடியிருக்கிறது. பதினொன்றரை மணி வெயிலில், உள்ளறையில் பட்டுப் பாவாடையும் பூவும் நகையுமாக உட்கார்ந்திருந்த செல்விக்கு வேர்த்து ஊற்றியது. "பிள்ள மயங்கிருவா போல இருக்கு" என்று அத்தை சொல்ல, மைக் செட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மாமாவே காரியத்தில் இறங்கினார். மில்லில் கரண்டு போனால் ஜெனரேட்டர் போடுவார்கள், போட்டதும் எல்லா மெஷினும் தானாக ஓடும். இருபது வருஷமாக அவர் பார்த்தது அது. நடுவே ஒரு பெரிய பேனலில், வெளிக் கரண்டைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரைச் சேர்க்கிற வேலை நடக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு வயர் தயார் செய்தார். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகினார், மறு முனையை வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் செருகினார். மெயின் சுவிட்சை இறக்கவில்லை. அந்தக் கரண்டுக்கு அத்தை வீட்டு விசிறி எது, தெருக் கம்பி எது என்று தெரியாது. மீட்டர் வழியாக வெளியே போய்த் தெருக் கம்பியில் ஏறியது. எங்கள் அடுப்படிப் பல்பில் சிவந்தது அதுதான்.

அம்மா ஓடியது அப்பா இருந்த முக்குக்கு இல்லை. எதிர்ப்பக்கமாக, அத்தை வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பந்தலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டுச் சந்தில், அணைந்துபோன ஜெனரேட்டரை மறுபடி கிளப்ப மாமா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் தாண்டிப் போனாள். வயரை இழுத்துச் சுருட்டிக் காலடியில் போட்டு, அதன் மேல் ஏறி நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் மாமா. "லைன்லதான் கரண்டே இல்லையே, பொறவு என்ன?"

"நீங்கதான அண்ணே இப்ப ஏத்திவிட்டீக! அவுக கம்பத்துல இருக்காக!"

மாமாவின் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த அத்தை, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மா அவளையும் பார்க்கவில்லை. அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் யாராவது வயரை மறுபடி செருகிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, ஓடிப்போய் அப்பா எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வா" என்றாள்.

அத்தை வீட்டிலிருந்து தெரு முக்கு நூற்றைம்பது அடி இருக்கும். இப்போதும் அந்தத் தெருவில் நடக்கும்போது அது அவ்வளவு குறைவு என்று நம்ப முடியவில்லை. பாதி தூரம் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடினேன். முதலில் கேட்டது முத்தையா அண்ணன் குரல். "செயின்ல பொறி பறந்துச்சுண்ணே! எங் கண்ணால பாத்தேன்! எவன் வீட்டுல எவன் என்னத்தப் போட்டான்னு தெரியல, எறங்குங்கண்ணே!"

யாரையோ "இறங்குங்க" என்று சொல்கிறார் என்றால், இறங்கக்கூடிய நிலைமையில் ஒருவர் இருக்கிறார். கண்ணைத் திறந்தேன். அப்பா மேலேதான் இருந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றில் சாய்ந்து, இரண்டு கையையும் கம்பியிலிருந்து விலக்கி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கரண்டு வந்த வழியிலேயே செயின் அதை வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிட்டது. அந்தப் பாரத்தில்தான் ஜெனரேட்டர் திணறி அணைந்திருக்கிறது.

"எந்த வீடு?" என்று அப்பா மேலிருந்து கேட்டார்.

நான் பந்தல் பக்கம் கையைக் காட்டினேன். மறுபடி கேட்டார். "அத்த வீடு" என்றேன்.

முத்தையா அண்ணன் தலையில் கைவைத்தார். அப்பா தெருவின் கடைசியில் தெரிந்த பந்தலைப் பார்த்தார். பிறகு, "அம்மா எங்க?" என்றார்.

"செனரேட்டருகிட்ட நிக்கா. வயரு மேல ஏறி நிக்கா."

"அப்பச் சரி" என்றார் அப்பா. "அங்கயே நிக்கச் சொல்லு. இன்னும் ரெண்டு போல்ட்டுதான்."

முத்தையா அண்ணன் கத்தினார், அழுதார், கம்ப்ளெயின்ட் எழுதாமல் விடமாட்டேன் என்றார். அப்பா செயினை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். நான் திரும்பி ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர வயரைவிட்டு இறங்கவில்லை. அத்தை கொண்டுவந்த மோரையும் அங்கேயே நின்று குடித்தாள். இரண்டு மணி வரை அங்கேதான் நின்றாள். பந்தலில் இருந்தவர்கள் மெதுவாகக் குசுகுசுத்தார்கள், மைக் செட்டு ஊமையாக இருந்தது, செல்வி உள்ளறையில் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு முறையான கரண்டு வந்தது. அந்தத் தடவை பிள்ளைகள் கத்தியபோது நான் கத்தவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, குளித்து, புது வேட்டி கட்டினார். சீர் கொண்டுபோவாரா, மாட்டாரா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அத்தை வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் எல்லோரும் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சடங்கில் தாய்மாமன் வராமல் போனால், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பேச்சு இருக்காது. எங்கள் பக்கம் அப்படிப் பிரிந்த வீடுகள் உண்டு.

அப்பா முதல் தட்டைத் தானே தூக்கிக்கொண்டார். பின்னால் அம்மா, நான், முறைப்பாக முத்தையா அண்ணன். பந்தலுக்குள் போனதும் அத்தை ஓடிவந்து தட்டை வாங்கக் கை நீட்டினாள். அப்பா கொடுக்கவில்லை.

"மச்சான் எங்க? அவிய வந்து வாங்குனாத்தான் நான் எறக்குவேன்."

மாமா கொல்லைப்பக்கம் சமையல்காரர்களுக்கு நடுவே ஒளிந்திருந்தார். நாலு பேர் போய் இழுத்துவந்தார்கள். தலையை நிமிர்த்தவே இல்லை. தட்டுக்கு அடியில் கையை வைத்தவர், "மாப்ள, எனக்குத் தெரியலய்யா" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டார்.

"தெரிஞ்சு எவன் செய்வான்? கனக்குது, புடிங்க மச்சான்" என்றார் அப்பா. அதற்குள் அத்தையும் சத்தமாக அழத் தொடங்க, "நீ என்னக்கா, விசிறியப் போட்டு விடு. பிள்ள வேர்த்துக் கெடக்கா" என்றார். முத்தையா அண்ணன் பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுக் கம்ப்ளெயின்ட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு "சேஞ்ச் ஓவர்" சுவிட்ச் வாங்கிவந்து அத்தை வீட்டில் மாட்டினார். அதன் பிடி ஒரு பக்கம் இருந்தால் வெளிக் கரண்டு, மறு பக்கம் இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் சேராது. மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தன் பங்குக்கு, தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று கேட்டு எழுதி, ஷட் டவுனுக்கு முதல் நாள் அந்த வீடுகளுக்குப் போய், "நாளைக்கு ஆளு மேல இருப்பாக" என்று சொல்லிவிட்டு வரத் தொடங்கினாள். மாவாட்டுவதும் தொட்டி நிரப்புவதும் அதற்கு அப்புறம்தான்.

இப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். ஷட் டவுன் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் என் வேலையில் பாதி. அதற்குப் படிவம் உண்டு, பூட்டு உண்டு, கையெழுத்து உண்டு. எங்கள் தெருவில் குண்டு பல்பு ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. கரண்டு போனதே தெரியாததால், வந்ததும் யாருக்கும் தெரிவதில்லை. "கரண்டு வந்துருச்சு!" என்ற அந்தக் கத்தல் எந்த வருஷம் நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான். ஷட் டவுனை அப்பாவிடம் வந்து கேட்பாரும் இல்லை. போனில் செய்தி வருகிறது, பாதிப் பேர் படிப்பதில்லை.

நிலவரம் இதுதான். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், கை கால் சுகமாக இருக்கிறார். மாமாவும் மில்லிலிருந்து நின்றுவிட்டார். இருவரும் சாயங்காலம் ஒன்றாகத்தான் டீ குடிக்கப் போகிறார்கள். செல்விக்கு இரண்டு பிள்ளைகள். தெருவில் ஜெனரேட்டர் உள்ள வீடுகள் மூன்று, மூன்றிலும் சேஞ்ச் ஓவர் இருக்கிறது. இந்த மாத ஷட் டவுன் நாளைக்கு, ஒன்பதிலிருந்து இரண்டு வரை. ஏறப்போகிற ஆள் வெளியூரிலிருந்து புதிதாக வந்திருக்கிறாராம், எங்களுக்குப் பழக்கமில்லை. அம்மா மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.